கணினி சொன்னால் கணக்கு சரியாகத்தான் இருக்குமா?

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பகுதியில் சவுத் வார்ன்பரோ என்று ஒரு சின்ன கிராமம். அங்கே ஒரு கடை. ஒரு பக்கம் ரொட்டி, பால், பலசரக்கு. இன்னொரு பக்கம் தபால் நிலையக் கவுண்ட்டர். இரண்டையும் நடத்தி வந்தவர் ஜோ ஹாமில்டன் என்ற பெண்மணி. 2000-களின் தொடக்கத்தில் ஒரு நாள் கணக்கு முடிக்க உட்கார்ந்தார். 2,000 பவுண்டு துண்டு விழுகிறது என்றது கணினி. பதறிப்போய் உதவி எண்ணுக்கு போன் செய்தார். மறுமுனையில் இருந்தவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு விசையாக அழுத்தினார். கடைசி விசையை அழுத்தியதும், அவர் கண் முன்னாலேயே 2,000 பவுண்டு 4,000 பவுண்டாக மாறியது!

அந்த நிமிஷத்தில் கல்லாவில் யாரும் கை வைக்கவில்லை. கடையை விட்டு ஒரு காசு வெளியே போகவில்லை. ஆனால் கணினி 4,000 என்று காட்டிவிட்டது. கணினி காட்டினால் அதுதான் கணக்கு. போஸ்ட் ஆபீஸ் நிறுவனத்தோடு அவர் போட்டிருந்த ஒப்பந்தப்படி, துண்டு விழும் தொகையை அவர்தான் கட்ட வேண்டும். கட்டினார். வீட்டை அடமானம் வைத்தார். துண்டு மேலும் மேலும் விழுந்து 36,000 பவுண்டு வரை போனது. திருட்டு வழக்கு பாய்ந்தது. சிறைக்குப் போகாமல் தப்பிக்க, பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொண்டு 2008-இல் தண்டனை பெற்றார். கிராமத்து மக்கள் அவரை நம்பினார்கள், பணம் திரட்டிக்கொடுத்து உதவினார்கள். கணினியை நம்பியவர்கள்தான் அவரை நம்பவில்லை.

2021 ஏப்ரல் 23 அன்று லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரையும் அவரைப் போன்ற 38 பேரையும் ஒரே நாளில் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. அவர்கள் எல்லோரையும் சிக்க வைத்த கணினி அமைப்பின் பெயர்தான் 'ஹொரைசன்'.

ஹொரைசன் என்பது பிரிட்டிஷ் தபால் நிலையங்களுக்காக 1999-லிருந்து நிறுவப்பட்ட கணக்கு மென்பொருள். உருவாக்கியது ஐ.சி.எல். நிறுவனம். அது ஜப்பானின் ஃபுஜிட்சு நிறுவனத்தின் கைக்குள் இருந்தது. அங்கே பெரும்பாலான தபால் நிலையங்களை நடத்துபவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். ஒப்பந்த அடிப்படையில் கடைக்குள்ளேயே தபால் நிலையத்தையும் நடத்தும் சாதாரண வியாபாரிகள். சப் போஸ்ட்மாஸ்டர் என்று பெயர். 1999-க்கும் 2015-க்கும் இடையில் இப்படிப்பட்டவர்களும் அவர்களிடம் வேலை பார்த்தவர்களுமாக 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். இதில் சுமார் 700 வழக்குகளை போலீஸ் போடவில்லை, போஸ்ட் ஆபீஸ் நிறுவனமே போட்டது!

இதை "மோசமான மென்பொருள்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் மென்பொருள் என்றால் பிழை இருக்கும் என்பது கணினி படிக்கும் எந்த மாணவனுக்கும் முதல் பருவத்திலேயே தெரிந்துவிடுகிற விஷயம். அதில் அதிசயம் எதுவும் இல்லை. அதிசயம் வேறு இடத்தில் இருக்கிறது. பிழையுள்ள ஒரு மென்பொருளை, அனுபவப்பட்ட நிர்வாகிகளும் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் பிழையே இல்லாதது போல ஏன் நடத்தினார்கள்? வியாபாரக் கணினி அமைப்புகளிடம் உலகம் எதிர்பார்க்கும் 'நம்பகத்தன்மை' என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு கோளாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

ஓடுவது வேறு, சரியாக ஓடுவது வேறு

ஒரு நிறுவனம் கணினிச் சேவை வாங்கும்போது ஒப்பந்தத்தில் முதலில் கேட்பது, "எத்தனை சதவீத நேரம் ஓடும்?" என்பதுதான். இதை ஒன்பதுகளின் கணக்கு என்பார்கள். 99.9 சதவீதம் என்றால் வருஷத்தில் சுமார் 8 மணி 45 நிமிஷம் நின்றுபோகலாம். 99.99 என்றால் சுமார் 53 நிமிஷம். 99.999 என்றால் ஐந்தே கால் நிமிஷம்தான். ஒவ்வொரு ஒன்பது கூடும்போதும் செலவு எகிறும்.

இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு பிரபலம்? அளப்பது சுலபம். கணினி ஓடுகிறதா, நிற்கிறதா என்று இன்னொரு கணினியை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஓடுகிற கணினி சரியான விடையைச் சொல்கிறதா என்பதை எப்படி அளப்பது? அதற்குச் சரியான விடை வேறு வழியில் தெரிந்திருக்க வேண்டும். கையால் எழுதிய பேரேட்டைத் தூக்கிப் போட்டதே அந்த வேலை மிச்சம் என்பதற்காகத்தானே! ஆகவே அளக்க முடிந்ததை அளந்தார்கள். அதற்கே நம்பகத்தன்மை என்று பெயர் வைத்தார்கள்.

நின்றுபோகும் கணினி எவ்வளவு சத்தம் போடும் என்பதற்கும் இங்கிலாந்திலேயே உதாரணம் உண்டு. 2018 ஏப்ரலில் டி.எஸ்.பி. வங்கி தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு மாற்றியது. மாற்றியதும் எல்லாம் குழம்பிப்போய், 19 லட்சம் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். மறுநாளே பத்திரிகைகளில் செய்தி. நாடாளுமன்றக் குழு விசாரித்தது. செப்டம்பருக்குள் தலைமை அதிகாரி பதவி விலகினார். 2022 டிசம்பரில் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம் விழுந்தது.

நின்றுபோன கணினி ஒரு விதத்தில் நேர்மையானது. தனக்கு முடியவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்படி சொல்லிவிடுகிறது. பாதிக்கப்பட்ட 19 லட்சம் பேரும் ஒரே பக்கம் நின்று கத்த முடிந்தது. ஹொரைசன் அப்படி நிற்கவில்லை. திரையில் வெளிச்சம் இருந்தது. தபால்தலை விற்றது, பென்ஷன் கொடுத்தது. எங்கோ ஒரு கிளையில், ஏதோ ஒரு மாலையில் மட்டும் தப்பாகக் கூட்டியது. அந்தக் கிளையை நடத்தியவருக்கு மட்டும்தான் அது தெரியும். அவர் சொன்னால் கேட்க ஆளில்லை. உதவி எண்ணில் பேசிய பலருக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான்: "வேறு யாரும் இப்படிப் புகார் சொல்லவில்லையே!"

பிழைகள் எப்படி வேலை செய்தன?

'பிழை' என்று பொதுவாகச் சொன்னால் ஏதோ மாயம் போலத் தோன்றும். உண்மையில் இவை மிகச் சாதாரணமான பிழைகள்.

ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் நகரில் காலண்டர் ஸ்கொயர் என்ற கிளையின் பெயராலேயே ஒரு பிழை அழைக்கப்படுகிறது. ஒரே தபால் நிலையத்தில் இருக்கும் கணினிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ள வேண்டும். சில சமயம் அது நின்றுவிடும். ஒரு கவுண்ட்டரில் போட்ட பதிவு பக்கத்துக் கவுண்ட்டரில் தெரியாது. பதிவு விழவில்லை போல என்று நினைத்து மறுபடி போட்டால், பிறகு இரண்டும் கணக்கில் ஏறி நிற்கும். இது 2000-லிருந்து 2006-இல் சரிசெய்யப்படும் வரை இருந்தது.

இன்னொன்று டால்மெலிங்டன் பிழை. அதுவும் ஸ்காட்லாந்துதான். 2015-இல் அங்கே ஒரு சப் போஸ்ட்மாஸ்டர் 8,000 பவுண்டு ரொக்கத்தை இன்னொரு சின்ன கிளைக்குக் கொண்டுபோய்ப் பதிவு செய்தார். திரை அப்படியே உறைந்து நின்றது. என்ட்டர் விசையை மறுபடி மறுபடி அழுத்தினார். யார்தான் அழுத்த மாட்டார்கள்? ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு பதிவு விழுந்து, 8,000 பவுண்டு நான்கு முறை வந்ததாகக் கணக்கானது. கையில் இருப்பது 8,000, கணக்கில் இருப்பது 32,000. ஒரு நொடியில் 24,000 பவுண்டு 'காணாமல்' போனது! பிறகு தேடிப்பார்த்தால், 2010-லிருந்து 88 கிளைகளில் 112 முறை இதே மாதிரி நடந்திருந்தது.

மூன்றாவது இவற்றைவிட மோசமானது. 2010-இல் ஹொரைசனின் புதிய வடிவம் வந்தபோது வரவும் செலவும் பொருந்தாமல் போகும் ஒரு பிழை சுமார் 60 கிளைகளைத் தாக்கியது. ஃபுஜிட்சுவுக்கும் தெரியும், போஸ்ட் ஆபீஸுக்கும் தெரியும். இரு தரப்பும் கூடிப் பேசியபோது எழுதிய குறிப்பில், இது வெளியே தெரிந்தால் நடந்துகொண்டிருக்கும் வழக்குகள் பாதிக்கப்படலாம் என்ற கவலை பதிவாகியிருக்கிறது. அதே 2010 இலையுதிர் காலத்தில்தான் சீமா மிஸ்ரா என்பவரின் வழக்கு நடந்தது. இந்தியாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். சர்ரே பகுதியில் வெஸ்ட் பைஃபிளீட் தபால் நிலையத்தை நடத்தியவர். 74,000 பவுண்டு திருடியதாகக் குற்றச்சாட்டு. கணினியில் கோளாறு இருக்கலாம் என்று அவர் தரப்பு திரும்பத் திரும்பச் சொன்னது. எடுபடவில்லை. 15 மாதச் சிறைத்தண்டனை. தண்டனை விதிக்கப்பட்ட நாள் அவர் மகனின் பத்தாவது பிறந்தநாள். அப்போது அவர் வயிற்றில் இன்னொரு குழந்தை.

சின்ன சதவீதமும் பெரிய எண்ணிக்கையும்

"இத்தனை கோடிப் பரிவர்த்தனைகளில் ஒன்றிரண்டு தப்பினால் அது நல்ல அமைப்புதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஹொரைசனில் நாளுக்கு 60 லட்சம் பரிவர்த்தனைகள் நடப்பதாக போஸ்ட் ஆபீஸே பெருமையாகச் சொன்னதுண்டு. ஒரு பேச்சுக்கு, பத்து லட்சத்தில் ஒன்றுதான் தப்பாகப் பதிவாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எந்த நிறுவனமும் மார்தட்டிக்கொள்ளக்கூடிய அளவு அது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நாளுக்கு 6 தப்பு. வருஷத்துக்கு 2,000-க்கும் மேல். பல தப்புகளை யாராவது கண்டுபிடித்துச் சரிசெய்துவிடுவார்கள். மீதி யார் தலையில் விழும்? எங்கோ ஒரு கடைக்காரர் தலையில்.

மேலே உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தெரிவது சதவீதம். கீழே இருப்பவருக்கு நடப்பது ஒரே ஒரு சம்பவம். "அமைப்பு மொத்தத்தில் நம்பகமானது" என்பது உண்மையாகவே இருக்கலாம். அதை வைத்து, "ஆகவே இந்தக் கிளையில் இந்த மாலையில் காட்டிய தொகை சரி" என்று முடிவு கட்ட முடியாது. எல்லாக் கிளைகளிலிருந்தும் துண்டு விழுந்த கிளைகளை மட்டும் பொறுக்கி எடுத்துப் பார்க்கும்போது, கணினி தப்பிய இடங்கள்தான் அந்தக் குவியலில் கூடுதலாக வந்து சேரும். ரயில்கள் பெரும்பாலும் நேரத்துக்கு வருகின்றன என்பதற்காக, தாமதமாக வந்த பயணியிடம் "நீ பொய் சொல்கிறாய், ரயில் நேரத்துக்குத்தான் வந்திருக்கும்" என்று சொல்வார்களா? போஸ்ட் ஆபீஸ் அதைத்தான் சொன்னது.

யார் நிரூபிக்க வேண்டும்?

இங்கேதான் சட்டம் நுழைகிறது. இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டு போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு ஒரு நிபந்தனை வைத்திருந்தது. கணினி தந்த ஆவணத்தைச் சாட்சியமாகக் கொண்டுவருபவர், அந்தக் கணினி ஒழுங்காக வேலை செய்தது என்று காட்ட வேண்டும். இது வீண் சுமை என்று எண்ணிய சட்ட ஆணையம் 1997-இல் இதை நீக்கப் பரிந்துரைத்தது. 1999-இல் வந்த சட்டம் நீக்கியது, 2000-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்பின், எதிராக ஏதாவது ஆதாரம் வராத வரை கணினி சரியாகத்தான் இயங்கியது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும்.

ஹொரைசன் தபால் நிலையங்களில் நிறுவப்பட்டதும் அதே சமயத்தில்தான்!

"எதிராக ஆதாரம் கொண்டுவா" என்பது கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் ஆதாரம் யாரிடம் இருக்கிறது? பதிவேடுகள் ஃபுஜிட்சுவின் கணினிகளில் இருந்தன. பிழைகளின் பட்டியலும் அங்கேதான் இருந்தது. வெளியிலிருந்தபடியே ஃபுஜிட்சு ஊழியர்கள் ஒரு கிளையின் கணக்கில் பதிவுகளைச் சேர்க்கவும் முடியும். அது முடியவே முடியாது என்று போஸ்ட் ஆபீஸ் வருஷக்கணக்கில் சாதித்தது, வழக்கு முற்றிய பிறகே ஒப்புக்கொண்டது. கடைக்காரரிடம் இருந்தது திரையில் தெரிந்த ஒரு தொகையும், ஒரு துண்டு ரசீதும் மட்டுமே.

லீ காசில்டன் என்பவர் பிரிட்லிங்டன் நகரில் தபால் நிலையம் நடத்தியவர். 25,000 பவுண்டு துண்டு விழுந்தது. உதவி எண்ணுக்கு 91 முறை போன் செய்தார். பயனில்லை. வழக்கறிஞர் வைக்கக் காசில்லாமல் தானே வாதாடினார். கணக்கில் அவர் கையெழுத்துப் போட்டிருப்பதால், அது தப்பு என்று காட்டவேண்டியது அவர் பொறுப்பு என்று 2007-இல் தீர்ப்பானது. போஸ்ட் ஆபீஸின் வழக்குச் செலவாக 3 லட்சத்து 21 ஆயிரம் பவுண்டு அவர் தலையில் விழுந்தது. திவாலானார்.

கையெழுத்துப் போடாமல் இருந்திருக்கலாமே என்று தோன்றும். கணக்கை ஏற்றுக்கொள்ளாமல் அடுத்த கணக்குக் காலத்துக்குப் போகவே ஹொரைசன் விடாது. "இந்தத் தொகை தப்பு, நான் ஏற்கவில்லை" என்று அழுத்துவதற்கு அந்தத் திரையில் ஒரு பொத்தானே கிடையாது! கட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டால்தான் கடையைத் தொடர்ந்து திறக்க முடியும். பிறகு அதே ஒப்புதலை நீதிமன்றத்தில் காட்டி, "பாருங்கள், அவரே ஏற்றுக்கொண்டார்" என்றார்கள்.

வேல்ஸில் லாண்டுட்னோ பக்கம் கடை வைத்திருந்த ஆலன் பேட்ஸ் மட்டும் அப்படி ஒப்புக்கொள்ளவில்லை. 2000-இல் அவர் கிளையில் சுமார் 6,000 பவுண்டு துண்டு விழுந்தபோது, ராத்திரி ராத்திரியாகக் காகிதச் சுருளை விரித்துவைத்துக் கணக்குப் பார்த்தார். பெரும்பகுதி இரட்டைப் பதிவு என்று கண்டுபிடித்தார். ஆயிரம் பவுண்டுச் சொச்சத்துக்கு மட்டும் காரணம் தெரியவில்லை. பதிவுகளைக் காட்டுங்கள், சரிபார்க்கிறேன் என்றார். 2003-இல் ஒப்பந்தத்தையே ரத்து செய்தார்கள். அவர் விடவில்லை. பாதிக்கப்பட்டவர்களை ஒன்றுசேர்த்து 555 பேராக வழக்குப் போட்டார். 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசர் தீர்ப்புச் சொன்னார். ஹொரைசனில் பிழைகள் இருந்தன, அவற்றால் கிளைக் கணக்குகளில் துண்டு விழுந்திருக்கலாம், விழுந்தும் இருக்கிறது என்றார். போஸ்ட் ஆபீஸின் மறுப்பை, பூமி தட்டையானது என்று இந்த நூற்றாண்டில் அடம்பிடிப்பதற்கு ஒப்பிட்டார்.

நம்பாமல் வியாபாரம் நடக்குமா?

மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கணினி சரியாக ஓடியது என்று நிரூபித்துக்கொண்டிருந்தால் எந்த வேலையும் நடக்காது. 69-ஆம் பிரிவை நீக்கியவர்கள் கெட்டவர்கள் அல்லர். மூச்சுப் பரிசோதனைக் கருவியின் கடிகாரம் சில நிமிஷம் தப்பாக இருந்தது என்ற காரணத்தைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்கள் தப்பிக்கப் பார்த்த காலம் அது. பணத்தைத் திருடிவிட்டுக் கணினி மேல் பழி போடுபவர்களும் உலகத்தில் உண்டு. எல்லாவற்றையும் சந்தேகப்படு என்பது ஒரு தீர்வே இல்லை.

ஆனால் நம்புவதில் இரண்டு வகை இருக்கிறது. "தப்பே வராது" என்று நம்புவது ஒன்று. "தப்பு வந்தால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, யார் பொறுப்பு என்று முன்கூட்டியே தீர்மானமாகியிருக்கிறது" என்று நம்புவது இன்னொன்று. முதல் நம்பிக்கையை எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. இரண்டாவதை ஏற்பாடு செய்ய முடியும்.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். இந்தியாவில் ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துபோகும் அனுபவம் நிறையப் பேருக்கு இருக்கும். ரிசர்வ் வங்கி 2019-இல் இதற்கு ஒரு விதி செய்தது. அப்படிக் கழிந்த பணத்தை ஐந்து நாளுக்குள் திருப்பிப் போட வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும், அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலே. அதற்கு முன் 2017-இல், வாடிக்கையாளர் அனுமதியில்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்று சொன்னது. நடைமுறையில் இதற்கும் எத்தனை முறை வங்கிக்கு நடக்கவேண்டியிருக்கிறது என்பது வேறு கதை. ஆனால் விதியின் அடிப்படை சரி. ஏ.டி.எம். தப்பே செய்யாது என்று அந்த விதி நினைக்கவில்லை. தப்பும் என்று எடுத்துக்கொண்டு, தப்பினால் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறது.

சாட்சியச் சட்டத்திலும் இந்தியா, இங்கிலாந்து கைவிட்ட பாதையிலேயே நிற்கிறது. 2000-இல் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம், சாட்சியச் சட்டத்தில் 65பி என்ற பிரிவைச் சேர்த்தது. கணினி ஒழுங்காக இயங்கியது என்பது அதில் ஒரு நிபந்தனை. அதற்குச் சான்றிதழும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. ஒரு நிபுணரின் கையெழுத்தும், 'ஹாஷ்' எண்ணும் இப்போது கூடுதலாக வேண்டும்.

இதை வைத்து நிம்மதி அடைய முடியாது. ஹாஷ் எண் என்ன சொல்லும்? கோப்பு பிரதி எடுக்கப்பட்ட பிறகு யாரும் அதில் கை வைக்கவில்லை என்று சொல்லும். அந்தக் கோப்பில் பதிவாகும்போதே தொகை தப்பாக இருந்தால்? தப்பான தொகையை அப்படியே மாறாமல் பத்திரமாகக் காத்துத்தரும்! டால்மெலிங்டன் கணக்குக்கு ஹாஷ் போட்டிருந்தாலும் 32,000 என்பது 32,000-ஆகவேதான் இருந்திருக்கும். சான்றிதழும் அப்படித்தான். அதைக் கொடுப்பவர் பெரும்பாலும் அந்தக் கணினியைக் கையில் வைத்திருப்பவர். அச்சடித்த படிவத்தில் ஒரு கையெழுத்து, கணினியின் பிழைப் பட்டியலைத் திறந்து காட்டுவதற்கு ஈடாகாது.

வேண்டியது என்ன?

வியாபாரக் கணினி அமைப்பிடம் எதிர்பார்க்க வேண்டியவை என்று மூன்றைச் சொல்லலாம். இவை எதற்கும் ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை.

முதலாவது, கணக்குக்கு யார் பொறுப்போ, அவரால் அந்தக் கணக்கின் ஒவ்வொரு பதிவையும் பார்க்க முடிய வேண்டும். எப்போது, எந்தக் கவுண்ட்டரில், யார் பெயரில், வெளியிலிருந்து யாராவது மாற்றினார்களா என்பது வரை. பார்க்க முடியாத கணக்குக்கு ஒருவரைப் பொறுப்பாளி ஆக்குவது அநியாயம்.

இரண்டாவது, "நான் ஏற்கவில்லை" என்று சொல்ல ஒரு பொத்தான். அதை அழுத்தினாலும் கடை திறந்தே இருக்க வேண்டும், பணம் கட்டாமலே விசாரணை தொடங்க வேண்டும். அது அழுத்தப்படும் ஒவ்வொரு முறையும் மேலே உள்ளவர்களுக்கு அமைப்பின் உடல்நிலையைப் பற்றிய இலவசத் தகவல். போஸ்ட் ஆபீஸ் அந்த எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்திருந்தாலே, "உங்களுக்கு மட்டும்தான்" என்று யாரிடமும் சொல்லியிருக்க முடியாது.

மூன்றாவது, தெரிந்த பிழைகளின் பட்டியல் திறந்திருக்க வேண்டும். அமைப்பை வைத்து ஒருவர் மேல் பழி சுமத்த விரும்பும் நிறுவனம், முதலில் அந்தப் பட்டியலை அவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்க மனமில்லை என்றால் வழக்கும் வேண்டாம்.

ஒன்பதுகளின் கணக்கு இருக்கட்டும், அதுவும் தேவைதான். ஆனால் ஒப்பந்தத்தில் "எத்தனை சதவீத நேரம் ஓடும்?" என்ற வரிக்குக் கீழே, "தப்பாக ஓடினால் யாருக்கு எப்படித் தெரியும்?" என்று இன்னொரு வரியும் வேண்டும்.

2024 ஜனவரியில் ஐ.டி.வி. தொலைக்காட்சி ஆலன் பேட்ஸின் கதையை நாடகமாக ஒளிபரப்பியது. நாடே கொதித்தது. அதே ஆண்டு மே மாதம் ஒரு தனிச் சட்டம் போட்டு நூற்றுக்கணக்கான தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தார்கள். 2025 வாக்கில் 100 கோடி பவுண்டுக்கு மேல் இழப்பீடு கொடுத்தாகிவிட்டது. அதே ஆண்டு, கணினி சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்ற அந்த அனுமானத்தை மாற்றலாமா என்று பிரிட்டிஷ் அரசு கருத்துக் கேட்டது. ஆனால் அந்த ஆண்டு ஜூலையில் விசாரணை ஆணையம் வெளியிட்ட முதல் அறிக்கை, குறைந்தது 13 பேர் இந்த விவகாரத்தால் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்கிறது. அவர்களுக்கு எந்தச் சட்டமும் இழப்பீடும் போய்ச் சேரப்போவதில்லை.

கணினி படித்துவிட்டு வருஷாவருஷம் வெளியே வருபவர்களில் பலரும் வங்கிக்கோ, கடைக்கோ, அரசு அலுவலகத்துக்கோ கணக்கு மென்பொருள் எழுதத்தான் போகிறார்கள். என்றாவது ஒரு நாள் அவர்கள் மேஜைக்கு ஒரு புகார் வரும். "எங்கள் கடையில் மட்டும் கணக்கு இடிக்கிறது" என்று. பச்சை விளக்குகள் எரிகின்றன, சோதனைகள் எல்லாம் தேறியிருக்கின்றன, வேறு யாரும் புகார் சொல்லவில்லை... அந்தப் புகாரை மூடி வைப்பதற்கு எல்லாக் காரணமும் இருக்கும். அதற்கு முன் பதிவேட்டை ஒரு முறை திறந்து பாருங்கள். மறுமுனையில் இன்னொரு ஜோ ஹாமில்டன் இருக்கலாம்.